சாசரை மூலத்தில் படிக்கத் தொடங்குவது எப்படி?

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் கேன்டர்பரி கதைகளை, அதாவது யாத்திரிகர்கள் வழியில் சொல்வதாக அவர் எழுதிய கதைத் தொகுப்பை, மொழிபெயர்ப்பில் அல்லாமல் அவர் எழுதிய ஆங்கிலத்திலேயே படிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கில இலக்கிய மாணவர்கள், தேர்வுக்குத் தயாராகிறவர்கள், வெறும் ஆசையால் புத்தகத்தைத் திறந்தவர்கள் எல்லோரும் பயன்படுத்தலாம். எந்தப் பதிப்பு, எந்தக் கதையில் தொடங்குவது, எப்படி உச்சரிப்பது, எந்த வாழ்க்கைக் குறிப்பை நம்புவது என்று எனக்குச் சொல்லித்தர யாரும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் கற்றேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இன்றைய ஆங்கிலத்தில் நாளிதழ் படிக்க முடிந்தவர் நாளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். மூன்று மாதத்தில் இரண்டு கதைகளையும் பொதுமுன்னுரையையும் முழுதாகப் படித்துவிடலாம். செலவு ஏறக்குறைய இல்லை.

1. பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், எதையும் உடனே வாங்காதீர்கள்

ஹார்வர்டு பல்கலைக்கழகம் சாசருக்கென நடத்தும் இணையதளத்தில், ஒவ்வொரு வரிக்கும் கீழே இன்றைய ஆங்கிலப் பொருள் தரப்பட்டிருக்கிறது. கட்டணம் இல்லை. தொடக்கத்துக்கு அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாசர் காலத்துச் சொல் எதற்கும் அதுதான் கடைசி நீதிமன்றம்.

தரவிறக்கி வைத்துக்கொள்ள விரும்பினால் வால்டர் ஸ்கீட் பதிப்பித்த முழுத் தொகுப்பு இருக்கிறது. 1894 முதல் 1897 வரை வெளிவந்தது, பதிப்புரிமை முடிந்தது. கூட்டன்பர்க் திட்டத்திலும் இணைய ஆவணக் காப்பகத்திலும் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஸ்கீட்டின் முதல் ஆறு தொகுதிகள்தான் சாசருடையவை. ஏழாவது தொகுதியில் இருப்பவை வேறு ஆட்கள் எழுதி, பழைய அச்சுப் பதிப்புகளில் சாசர் பெயரில் ஒட்டிக்கொண்ட படைப்புகள். ஸ்கீட் அவற்றைப் பிரித்துக் காட்டத்தான் தனித் தொகுதி போட்டார். ஏழையும் ஒரே கோப்புறையில் போட்டுவைத்தால் பின்னால் குழப்பம் வரும்.

அச்சுப் புத்தகம் வேண்டும் என்றால் இரண்டு வழிகள். ஆய்வாளர்கள் நீண்ட காலமாக மேற்கோள் காட்டிவருவது லாரி பென்சன் தலைமையில் 1987இல் வந்த ரிவர்சைட் பதிப்பு. சாசரின் எல்லாப் படைப்புகளும் ஒரே தொகுதியில், 1300 பக்கத்துக்கு மேல். விலை அதிகம், கையில் பிடித்துப் படிக்கவும் கனம். கல்லூரி நூலகத்தில் இருந்தால் அங்கேயே பயன்படுத்துங்கள். குறைந்த செலவில் வேண்டுமானால் பென்குயின் வெளியிட்ட ஜில் மான் பதிப்பு நல்லது. அங்கேதான் அடுத்த பொறி. கேன்டர்பரி கதைகள் என்ற அதே தலைப்பில், அதே பென்குயின் கிளாசிக்ஸ் வரிசையில், நெவில் காகில் செய்த இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பும் விற்பனையில் இருக்கிறது. இணையக் கடையில் அட்டையை மட்டும் பார்த்து வாங்கினால் மூலத்துக்குப் பதில் மொழிபெயர்ப்பு வீட்டுக்கு வந்து சேரும். பதிப்பாசிரியர் பெயரைப் பாருங்கள், உள்பக்க மாதிரியைத் திறந்து முதல் வரியையும் பாருங்கள். ஏப்ரல் மாதத்தின் பெயரை அடுத்த இரண்டாவது சொல் 'ஹிஸ்' என்றும், வரியின் கடைசிச் சொல் 'ஸோட்டெ' என்றும் இருந்தால் அது மூலம்.

கல்லூரி வாசல் கடைகளில் விற்கும் கைடுகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கதைச் சுருக்கம் அதில் இருக்கும். சாசரின் வரி இருக்காது.

2. முதல் வாரம் காதுக்கு

சொற்பொருளுக்குப் போகும் முன் உச்சரிப்பைப் பழகுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்குச் சாசர் கடைசி வரை எழுத்துப்பிழை நிறைந்த ஆங்கிலமாகவே தெரிவார். இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆங்கிலத்தின் நெடில்கள் சாசருக்குப் பிறகுதான் இடம் மாறின. அவர் காலத்தில் அவை நம் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ போலவே ஒலித்தன. இன்று 'நேம்' என்று சொல்லும் சொல்லை அவர் 'நாமெ' என்றார். 'டைம்' அவருக்கு 'டீமெ'. 'ஹவுஸ்' அவருக்கு 'ஹூஸ்'. 'ரூட்' அவருக்கு 'ரோட்டெ'.

எழுதியிருக்கும் மெய்யெழுத்துகளை ஏறக்குறைய எல்லாம் உச்சரியுங்கள். 'நைட்' என்ற வீரனை அவர் 'க்னிஹ்ட்' என்பார். முதலில் வரும் க் ஒலிக்கும், நடுவில் வரும் ஹ் தொண்டையில் சற்று உரசி வரும்.

சொல் இறுதியில் வரும் 'எ' ஒலிதான் பலரைத் தடுக்கி விழவைக்கிறது. பொதுவாக அது மெலிதாக ஒலிக்கும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினாலோ, பெரும்பாலும் மெல்லிய ஹ் ஒலியில் தொடங்கினாலோ மறைந்துவிடும். நம் இலக்கணத்தில் குற்றியலுகரம் உயிர் வந்தால் மெய்விட்டு ஓடுவதைப் போலத்தான் இதுவும். பொதுமுன்னுரையின் முதல் இரண்டு வரிகளை இந்த விதியோடு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

ஹ்வன் தட் ஆப்ரில் வித் ஹிஸ் ஷூரெஸ் ஸோட்டெ
தெ ட்ரூஹ்ட் ஆஃப் மார்ச் ஹத் பெர்ஸெட் டோ தெ ரோட்டெ

ஏப்ரல் தன் இனிய மழையால் மார்ச்சின் வறட்சியை வேர்வரை துளைத்தபோது என்பது பொருள். இரண்டாம் வரியில் வறட்சியைக் குறிக்கும் சொல் எழுத்தில் 'எ' என்று முடிகிறது. அடுத்து உயிர் வருவதால் அந்த 'எ' ஒலிக்கவில்லை. வரியின் கடைசியில் 'ரோட்டெ' முழுதாக ஒலித்து 'ஸோட்டெ'யோடு இயைகிறது. இதை விட்டுவிட்டுப் படித்தால் வரிக்குப் பத்து அசை என்ற அவருடைய தாளம் நொண்டும்.

ஒலிப்பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, தரத்தில் ஏற்றத்தாழ்வும் உண்டு. பல்கலைக்கழகங்கள் வெளியிட்டவற்றை மட்டும் கேளுங்கள். ஒரு வாரம், நாளுக்கு இருபது நிமிடம், முதல் 18 வரிகளை மனப்பாடம் ஆகும்வரை கூடவே சொல்லுங்கள். அந்தப் பதினெட்டும் ஒரே வாக்கியம். அது வாயில் தங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

3. முதலில் பார்டனர் கதை

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்காதீர்கள். பொதுமுன்னுரை 858 வரி. கதை நகர்வே இல்லாமல், கதை சொல்லப்போகும் யாத்திரிகர்களை ஆள் ஆளாக அறிமுகம் செய்யும். அது முடிந்தவுடன் வருவது நைட் சொல்லும் கதை, 2250 வரி. புதிதாக வருகிறவர் அதன் நடுவில் சோர்ந்து புத்தகத்தை மூடிவிடுவார்.

பார்டனர் என்பவர் பாவமன்னிப்புச் சீட்டு விற்றுத் திரியும் ஆள். அவர் சொல்லும் கதையில் குடிகாரர்கள் மூவர் மரணத்தைத் தேடிக் கொல்லப் புறப்படுகிறார்கள். ஒரு முதியவர் ஓக் மரத்தைக் காட்டுகிறார். மரத்தடியில் தங்கக் காசுக் குவியல். பிறகு நடப்பது உங்களுக்கு எங்கோ கேட்ட கதையாக இருக்கும். இதன் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று பௌத்த ஜாதகக் கதைகளில், வேதப்ப ஜாதகத்தில் இருக்கிறது. கதையின் போக்கை ஊகிக்க முடிவதால் தெரியாத சொற்கள் உங்களை நிறுத்தாது.

இதிலும் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டாம். கதை தொடங்கியதுமே பெருந்தீனி, குடி, சூதாட்டம் ஆகியவற்றைக் கண்டித்து நீண்ட பிரசங்கம் வந்துவிடும். ரிவர்சைட் எண்ணிக்கையில் ஆறாம் பகுதியின் 661ஆம் வரியில்தான் அந்த மூவரும் திரும்ப வருகிறார்கள். அங்கிருந்து 894 வரை முதலில் படியுங்கள். மொத்தம் 234 வரிகள். நாளுக்கு 30 வரி என்றால் எட்டு நாள். முடித்த பிறகு பார்டனரின் முன்னுரைக்குப் போங்கள். பேராசையே எல்லாத் தீமைக்கும் வேர் என்று ஊர் ஊராகப் பிரசங்கிப்பதும், பேராசையால்தான் பிரசங்கிக்கிறேன் என்று அவரே வெளிப்படையாகச் சொல்வதும் அங்கே வரும். முன்னுரையும் கதையும் சேர்ந்து 640 வரி, மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு: முதலில் வாய்விட்டு ஒருமுறை, பிறகு பொருள் பார்த்து, பிறகு பொருளை மூடிவிட்டு மறுபடி வாய்விட்டு. மூன்றாவது வாசிப்பை விடாதீர்கள். வரிக்குக் கீழே பொருள் இருக்கும் பக்கத்தில் கண் தானாகவே கீழ்வரிக்கு ஓடும். ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள்.

4. தெரிந்த சொல் என்று நம்பாதீர்கள்

தெரியாத சொல்லுக்கு அகராதியைப் பார்ப்பீர்கள். தெரிந்தது போல இருக்கும் சொல்தான் ஏமாற்றும். சாசரிடம் 'நைஸ்' என்ற சொல் மூடத்தனத்தைக் குறிக்கும். 'வுட்' என்பது மரத்தை மட்டுமல்ல, பித்துப் பிடித்த நிலையையும் குறிக்கும். 'ஸ்டெர்வெ' என்றால் சாவது, பட்டினியால்தான் என்றில்லை. 'கொராஜ்' என்பது பல இடங்களில் துணிச்சல் அல்ல, உள்ளம். 'ஹெம்' என்பது அவர்களை. 'ஹிர்' என்பது இடத்துக்கு ஏற்ப அவளுடைய என்றும் வரும், அவர்களுடைய என்றும் வரும். இந்தக் கடைசிச் சொல்லில் கவனம் தேவை. யாருடைய பணம், யாருடைய வீடு என்பதே மாறிப்போகும்.

எதிர்மறைகளைக் கூட்டிக் கழிக்காதீர்கள். நைட் எவரிடமும் இழிசொல் பேசியதில்லை என்று சொல்ல இரண்டு வரிக்குள் நான்கு எதிர்மறைச் சொற்களை அடுக்குகிறார் சாசர். எல்லாம் ஒரே மறுப்பை அழுத்துகின்றன.

வினைச்சொல்லின் முன் ஒற்றை 'இ' ஒலி ஒட்டி வந்தால் அது பெரும்பாலும் இறந்தகால எச்சம். அதை நீக்கிவிட்டு மிச்சத்தை அகராதியில் தேடுங்கள்.

தொழில் பெயர்களும் இப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டு 'கிளார்க்' நம் அலுவலக குமாஸ்தா அல்ல. தலைமாட்டில் இருபது புத்தகம் வைத்துக்கொள்ள ஏங்கும் ஏழைப் படிப்பாளி. 'ரீவ்' பண்ணை மேற்பார்வையாளர். 'சம்மனர்' திருச்சபை நீதிமன்றத்துக்கு ஆள் இழுக்கும் சேவகர். 'மேன்சிபிள்' சட்டக் கழகத்துக்குச் சாப்பாட்டுப் பொருள் வாங்குகிறவர். 'ஃபிராங்க்ளின்' நிலக்கிழார். இந்த ஐந்தையும் தெரிந்துகொண்டு பொதுமுன்னுரைக்குப் போனால் அங்கே மிகவும் லேசாக இருக்கும்.

5. பொதுமுன்னுரைக்கு ஒரு மாதம்

858 வரி, நாளுக்கு 30. இப்போது நீங்கள் தயார். ஒரு நாளுக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ள ஆசை வரும். ஆனால் சிலருக்கு ஒன்பது வரிதான், சிலருக்கு ஐம்பதுக்கும் மேல். வரிக் கணக்கே வசதி.

படிக்கும்போது ஒவ்வொருவரின் உடையையும், யார் எதற்குப் பணம் செலவழிக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாசர் யாரையும் நேராகக் கண்டிக்க மாட்டார். துறவியின் சட்டைக் கையில் உயர்ந்த சாம்பல் நிற மென்மயிர் தைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். தேர்வில் கேட்கப்படும் அங்கதம் முழுவதும் இந்தத் துணிமணிகளில்தான் இருக்கிறது.

அதன் பிறகு நன்ஸ் பிரீஸ்ட், அதாவது கன்னியர் மடப் பாதிரியார், சொல்லும் கதை, 626 வரி, சேவலும் நரியும். மூன்று வாரம். சாசர் எழுதியவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வைஃப் ஆஃப் பாத், அதாவது பாத் ஊர்ப் பெண்மணியின் முன்னுரை, 856 வரி, அதற்கு அடுத்ததாக வரட்டும். இன்றைய ஆங்கிலப் பொருளைப் பார்க்காமல் அதைப் படித்துச் சிரிக்க முடிந்தால் நீங்கள் தேர்ந்துவிட்டீர்கள். மெலிபியும் பார்சன் கதையும் உரைநடை, நீளம், ஒத்திப்போடலாம்.

6. வரி எண்ணில் சிக்கல்

கட்டுரையோ ஆய்வேடோ எழுதுகிறவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். சாசர் இந்நூலை முடிக்காமல் இறந்தார். முன்னுரையில் சொல்லப்படும் திட்டப்படி ஆளுக்கு நான்கு கதை வர வேண்டும். இருப்பது 24 கதைகள், அவற்றிலும் சில பாதியில் நிற்பவை. கதைகள் தனித்தனிக் கட்டுகளாகக் கிடைத்ததால் அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு. ரிவர்சைட் பத்துப் பகுதிகளாக ரோமன் எண்ணில் பிரிக்கிறது. ஸ்கீட் ஆங்கில எழுத்துகளால் குழுக்களாகப் பிரிக்கிறார். ரிவர்சைட்டின் ஏழாம் பகுதி ஸ்கீட்டில் பி குழுவின் பிற்பகுதியாக மிகவும் முன்னால் வந்துவிடும். ஆகவே நன்ஸ் பிரீஸ்ட் கதை ஒன்றில் 2821ஆம் வரியிலும், மற்றொன்றில் 4011ஆம் வரியிலும் தொடங்குகிறது. இரண்டிலிருந்தும் கலந்து மேற்கோள் காட்டினால் சரிபார்க்கிறவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. தொடங்கும்போதே ஒரு பதிப்பை முடிவுசெய்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

7. வாழ்க்கைக் குறிப்புகள்: எந்த ஆவணத்தை நம்புவது

சாசர் அரசு ஊழியர். அதனால் அவரைப் பற்றிய ஆவணங்கள் அந்தக் காலத்துக் கவிஞர் எவருக்கும் இல்லாத அளவு இருக்கின்றன. 1966இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் 493 பதிவுகள். அவற்றில் ஒன்றுகூட அவரைக் கவிஞர் என்று சொல்லவில்லை! சம்பளம், குத்தகை, பயணப்படி, கடன், வழக்கு, இவைதான். 1357இல் அல்ஸ்டர் கோமகளின் வீட்டுக் கணக்கில் அவருக்கு உடை வாங்கிய செலவு. 1360இல் பிரான்சில் சிறைப்பட்ட அவரை மீட்க அரசர் கொடுத்த 16 பவுண்டு. 1374இல் லண்டன் துறைமுகக் கம்பளிச் சுங்கத்தில் கணக்குக் கண்காணிப்பாளர் வேலை, அதே ஆண்டு ஆல்ட்கேட் நகர வாயிலின் மேல் குடியிருக்க வாடகையில்லாக் குத்தகை, நாளுக்கு ஒரு குடம் ஒயின். 1386இல் கென்ட் பகுதிக்கான பாராளுமன்ற உறுப்பினர்.

பணத் தொகைகளைப் படிக்கும்போது 'மார்க்' என்று வந்தால் அது பவுண்டு அல்ல, ஒரு பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 1367இல் அவருக்கு அளித்த 20 மார்க் ஓய்வூதியத்தை 20 பவுண்டு என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய புத்தகங்களில் மூன்று இடங்களில் உஷாராக இருங்கள்.

பிறந்த ஆண்டு: 1328 என்று சொல்லும் புத்தகத்தை மூடிவிடலாம். நமக்கு இருக்கும் சான்று 1386 அக்டோபரில் ஒரு வழக்கில் அவர் சொன்ன சாட்சியம்தான். வயது நாற்பதுக்கு மேல் என்று அதில் இருக்கிறது. 1340களின் தொடக்கம் என்று எழுதுவதே பாதுகாப்பு. இறந்த நாள் 1400 அக்டோபர் 25 என்பதும் 1556இல் எழுப்பிய கல்லறையில் பொறித்தது. ஆண்டைப் பற்றிச் சந்தேகம் குறைவு, நாளை 'மரபாகச் சொல்லப்படுவது' என்று எழுதுங்கள்.

சிறைவாசக் கதை: அவர் நாடு கடத்தப்பட்டார், சிறையில் இருந்தார் என்று சில பழைய வரலாறுகள் சொல்லும். அந்தத் தகவல் தாமஸ் அஸ்க் எழுதிய ஓர் உரைநடை நூலிலிருந்து வந்தது. அதைச் சாசர் எழுதியதாக நம்பியிருந்த காலத்தின் மிச்சம்.

சிசிலி சாம்பெய்ன் ஆவணம்: 1380 மே மாதப் பதிவு ஒன்றில் சிசிலி என்ற இந்தப் பெண் சாசரை 'ராப்டஸ்' (வன்புணர்வு என்றும் கடத்தல் என்றும் பொருள்படும் லத்தீன் சொல்) தொடர்பான எல்லா நடவடிக்கையிலிருந்தும் விடுவிக்கிறார். வன்புணர்வுக் குற்றச்சாட்டு என்றே நூறாண்டுக்கு மேல் இது பெரிதும் வாசிக்கப்பட்டது. 2022 அக்டோபரில் யூவன் ரோஜரும் செபாஸ்டியன் சொபெட்ஸ்கியும் வெளியிட்ட புதிய ஆவணங்களின்படி, சிசிலியின் முன்னாள் முதலாளி தொழிலாளர் சட்டத்தின் கீழ் சாசர், சிசிலி இருவர் மீதும் தொடுத்த வழக்கு அது. அதற்கு முந்தைய எந்தப் புத்தகத்தையும் இந்த ஒரு விஷயத்தில் தனியாக நம்ப முடியாது. ஆய்வேட்டில் இதைத் தொடுகிறவர்கள் கட்டாயம் புதிய கட்டுரைகளைப் பாருங்கள்.

8. கையெழுத்துப் பிரதிகளும் இடங்களும்

மிக முக்கியமான இரண்டு பிரதிகள் ஹெங்க்வர்ட், எல்ஸ்மியர். முன்னது வேல்ஸ் தேசிய நூலகத்தில், பின்னது கலிஃபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில். இரண்டின் படங்களும் இணையத்தில் இலவசம். எல்ஸ்மியரில் கதைசொல்லிகளின் வண்ணப் படங்கள் இருக்கின்றன. பொதுமுன்னுரை முடித்த கையோடு பாருங்கள்.

பிரிட்டனில் இருப்பவர்கள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசுப் பதிவுகளின் மூலத்தையே பார்க்கலாம். வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, இரண்டும் அசலாக வேண்டும். ஆனால் ஆவணங்கள் லத்தீனிலும் பிரெஞ்சிலும், சொற்களைச் சுருக்கி எழுதிய கையெழுத்தில் இருக்கும். 1966ஆம் ஆண்டுத் தொகுப்பில் உங்களுக்கு வேண்டியதைப் படித்து, குறியீட்டு எண்ணோடு போங்கள்.

கல்லறை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், கவிஞர் மூலையில். நுழைவுக் கட்டணம் உண்டு, நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். யாத்திரிகர்கள் கூடிய டாபர்ட் விடுதியைத் தேடி லண்டனின் சதக் பகுதியில் அலைய வேண்டாம். பழைய கட்டடம் 1676இல் எரிந்தது, திரும்பக் கட்டியதையும் 1873இல் இடித்துவிட்டார்கள். டால்பட் யார்டு என்ற சந்தில் ஒரு பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. கேன்டர்பரிக்கு செயின்ட் பான்கிராஸிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும்.

9. அடுத்து எது

கேன்டர்பரி கதைகளோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பறவைகளின் பாராளுமன்றம் 699 வரிதான், மூன்று வாரத்தில் முடியும். அதன் பிறகு ட்ராய்லஸும் கிரிஸைடும். 8239 வரி, ஐந்து நூல்கள், சாசர் முழுமையாக முடித்த பெரிய காவியம். ஏழு ஏழு வரியாகச் செய்யுள் அமைந்திருப்பதால் நாளுக்கு ஏழு செய்யுள், அதாவது 49 வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மாதம் ஆகும். முதல் நூல் மெதுவாகப் போகும், இரண்டாம் நூலில் பாண்டரஸ் என்பவர் தன் உடன்பிறந்தார் மகளான கிரிஸைடின் வீட்டுக்குள் நுழைந்து பேசத் தொடங்கியதும் வேகம் பிடிக்கும். அதுவரை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.